பேசத் திணறும் பிள்ளையின் பயத்துக்கு எப்படிச் சிகிச்சை செய்வது?

குமரி மாவட்டம் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டரை வயதுக்கு மேல்தான் பேச ஆரம்பித்தான். இப்போதும் வாக்கியம் கோர்வையாக வருவதில்லை, நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் நேரம் எடுக்கிறான். ஆறு மாதமாகக் காலையில் வயிற்றுவலி, வாந்தி. வேன் சத்தம் கேட்டால் அழுகை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றும் இல்லை. கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போனால், "பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான், முதலில் ஸ்பீச் தெரபி கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பீச் தெரபிக்குப் போனால், "பயம் குறைந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் அம்மா. பேச்சு வந்த பிறகு பயத்தைப் பார்க்கலாம் என்று சொன்னவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். பதினேழு வருடம் முன்னால் மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் செய்யும் வேலையைத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் படிப்பில் சிகிச்சை என்றாலே பேச்சுதான். பேசாத பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் எங்களுக்கே கை கட்டிப்போட்டது போல ஆகிவிடும்.

நாங்கள் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வியைப் பாருங்கள்: "ஒருவேளை டீச்சர் உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டால், அப்போது நீ என்ன நினைப்பாய்?" நமக்கு இது சாதாரண கேள்வி. அந்தப் பையனுக்கு? 'ஒருவேளை' என்றதும் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டும். 'கேட்காமல்' என்பதில் ஒரு எதிர்மறை ஒளிந்திருக்கிறது. 'விட்டுவிட்டால்' என்பது நிபந்தனை. கடைசியில் 'நினைப்பாய்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு செயல், அதுவும் எதிர்காலத்தில். இவ்வளவையும் அவிழ்த்து முடிப்பதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அவன் காதில் விழுவது "டீச்சர்... கேட்க..." என்பது மட்டும்தான். டீச்சர் கேட்கப் போகிறார் என்று நினைத்து இன்னும் ஒடுங்கிப்போவான். பயத்தைக் குறைக்க நான் கேட்ட கேள்வியே பயத்தைக் கூட்டியிருக்கும்.

அதனால் மாற வேண்டியது எங்கள் பேச்சு. அதையே படத்தில் செய்யலாம். ஒரு தாளை மூன்று கட்டமாகப் பிரித்து, முதல் கட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்த ஒரு குச்சி மனிதன், இரண்டாவதில் டீச்சர், மூன்றாவதில் வெறும் முகம். "டீச்சர் வாறாங்க. நீ எப்படி இருப்ப? வரைஞ்சு காட்டு மக்கா." அவன் வாயை வரைவான், அல்லது வாயே இல்லாமல் விடுவான். வாய் இல்லாத முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைத்தியத்துக்குள் போகுமுன் சில விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலில் காது. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். முறையான கேட்புச் சோதனை செய்யாமல் 'கூப்பிட்டால் திரும்புகிறானே' என்று விட்டுவிடாதீர்கள். நாக்குக்கட்டை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாக்குக்கட்டு சில ஒலிகளை வேண்டுமானால் தடுக்கும், வாக்கியம் அமைக்கிற திறனை அது தொடுவதே இல்லை. வசம்பு தேய்ப்பதும் அப்படியே. பாட்டி கொதிக்கு, அதாவது கண்ணேறுக்கு, ஓதினால் ஓதட்டும், பிள்ளையைப் பயமுறுத்தாதவரை அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இருந்த சொற்களையே இழக்க ஆரம்பித்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு மட்டும் பயந்தால், யாராவது துன்புறுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளால் நடந்ததைச் சொல்ல முடியாது, அது தெரிந்தே தொல்லை கொடுக்கிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்கள், கடற்கரை ஊர்களில் தமிழே வேறு மாதிரி ஓடும், பள்ளியில் பாடப்புத்தகத் தமிழ் அல்லது ஆங்கிலம். 'இத்தனை மொழியைப் போட்டுக் குழப்பினதாலதான் இப்படி' என்று அம்மாக்களைக் குற்றம் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழி வளர்ச்சிக் கோளாறு வருவதில்லை. கோளாறு உள்ள பிள்ளை இரண்டு மொழியிலுமே திணறும், அதுதான் அடையாளம். வட்டார வழக்கில் பேசுவது கோளாறே அல்ல. உங்களுக்கு எந்தப் பேச்சு இயல்பாக வருமோ அதில் பேசுங்கள். பயந்திருக்கிற பிள்ளையிடம் அம்மா தனக்கே வராத மொழியில் ஆறுதல் சொல்வதைப் போல வேறு கொடுமை கிடையாது.

இந்தக் கோளாறு அபூர்வமும் அல்ல. காது, புத்தி எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் சரியாக வளராத பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர் வரை உண்டு என்று அமெரிக்க, இங்கிலாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஒட்டாவாவில் 1982-இல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 19 வயது வரை பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் மொழிச் சிக்கல் இருந்தவர்களிடம் பதற்றக் கோளாறு அதிகமாக இருந்தது, குறிப்பாக நாலு பேர் முன்னால் நிற்கிற பயம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மொழி தெரியாத ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்று வழி கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பிள்ளைக்கு ஒன்பதரை மணி முதல் நாலு மணி வரை தினமும் அதுதான்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் மகனுடைய பயத்தில் ஒரு பகுதி நியாயமான பயம். டீச்சர் மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்கிறார்: "நோட்டை மூடிட்டு, புத்தகம் நாற்பத்திரண்டாம் பக்கம் எடுத்து, கடைசிக் கேள்விக்குப் பதில் எழுது." அவனுக்கு முதல் வேலை மட்டும் போய்ச் சேர்கிறது. செய்யாததற்குத் திட்டு. மறுநாள் வயிறு கலங்குகிறது. இந்தப் பகுதிக்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை, டீச்சர் பேசுகிற விதம் மாற வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளையை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, 'எதிர்கொண்டால்தானே பயம் போகும்' என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சிகிச்சை அல்ல, தண்டனை.

மிச்சப் பகுதி, திட்டு வாங்கி வாங்கி ஊறிப்போன பயம். டீச்சர் மாறிய பிறகும், லீவு நாளில் கடைக்குப் போகும்போதும், சொந்தக்காரர் வீட்டிலும் கூடவே வருகிற பயம் அதுதான். சிகிச்சை அதற்கு.

அதற்கான சிகிச்சையின் உயிர்நாடி எப்போதுமே பேச்சாக இருந்ததில்லை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர், இன்னும் மூன்று வயதுகூட நிரம்பவில்லை, முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்கு யாரும் முயலைப் பற்றி விளக்கம் சொல்லவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தான். நூறு வருடத்துக்கு மேலாகியும் பதற்றத்துக்கு நாங்கள் செய்வதன் நடுவில் இருப்பது இதுதான்: பயந்ததைச் சிறு சிறு படிகளாக நெருங்குவது, அங்கிருந்து ஓடாமல் கொஞ்ச நேரம் நிற்பது, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு தானாகத் தெரிந்துகொள்வது. நினைப்பை அலசி ஆராய்வது அதைச் சுற்றிப் போர்த்திய துணி. மொழி குறைவான பிள்ளைக்குத் துணியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு பையனுக்குச் செய்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயது, அப்பா கடலுக்குப் போகிறவர். வெளியாள் யார் கேட்டாலும் பேச்சு நின்றுவிடும். முதலில் பயத்தை அளக்க அவனிடம் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு அளவுகோலைக் கொடுத்தேன். எதற்கும் ஐந்தையே தொட்டான். நாலு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவனுக்கு அந்த அளவுகோலே புரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன், இவனுக்கு நன்றாகத் தெரிந்தது எது? கடல் என்றார். அதன்பிறகு மூன்று படம். சும்மா கிடக்கிற கடல், அலை அடிக்கிற கடல், வள்ளம் இறக்க முடியாத கடல். அன்றைக்கே சரியாகத் தொட்டான். முடிதிருத்தும் கடை மூன்றாவது படம் என்று அதற்கு முன் அவன் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

பிறகு வீட்டுக்குப் பக்கத்துப் பழக்கடையை எடுத்துக்கொண்டோம். முதல் மூன்று நாள் அப்பாவோடு கடை முன்னால் நின்றுவிட்டு வருவது, அவ்வளவுதான். அப்புறம் காசை அவன் கையால் கொடுப்பது. அப்புறம் தொங்குகிற குலையில் மட்டி வாழைப்பழத்தைக் கையால் காட்டுவது. அப்புறம் "மட்டி" என்ற ஒரே சொல். அந்தச் சொல்லை வீட்டில் நூறு தடவை கடைக்காரர் விளையாட்டு விளையாடிப் பழகியிருந்தான். அவன் கடைக்காரர், அம்மா பழம் வாங்க வந்தவர். கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தோம்: எதுவும் துருவிக் கேட்கக் கூடாது, 'அட, பேசிட்டானே' என்று கத்தக் கூடாது, பத்து விநாடி சும்மா காத்திருந்தால் போதும். அந்தப் பத்து விநாடி பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு படியும் மொபைலில் போட்டோவாக இருந்தது, முடித்ததும் அதன் மேல் ஒரு டிக். ஐந்தாவது வாரம் கடைக்காரர் மாற்றிப் பேயன்பழத்தைக் கொடுத்துவிட்டார், தற்செயலாகத்தான். பையன் வீடு வரை வந்து, பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். "இது இல்ல. மட்டி." இலக்கணம் அவ்வளவுதான், வேலை முடிந்தது.

நேராக ஏறிக்கொண்டே போனான் என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் வந்து, திரும்ப முதல் படியிலிருந்து தொடங்கினோம்.

வீட்டிலே நன்றாகப் பேசிவிட்டுப் பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளுக்கும் இதே முறைதான், ஆனால் ஆளை மாற்றுவோம். காலியான வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும் விளையாடிப் பேசுவார்கள். டீச்சர் முதலில் வராந்தாவில், பிறகு வாசலில், பிறகு பக்கத்துப் பெஞ்சில், கடைசியில் விளையாட்டுக்குள். பிறகு அம்மா மெதுவாக நழுவுவார். இதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இது பதற்றக் கோளாறுகளின் பட்டியலில்தான் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் பொருளைத் தூக்கி எறிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் கள்ளக்கடல் என்பார்கள். காற்று இருக்காது, மழை இருக்காது, திடீரென்று அலை வீட்டு வாசல் வரை ஏறும். அந்த அலை கிளம்பிய புயல் எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், சில நாட்களுக்கு முன்னால். அவன் கோபமும் பெரும்பாலும் அப்படித்தான். காலையில் பத்தரை மணிக்கு வகுப்பில் நடந்தது சாயங்காலம் ஐந்துக்கு உங்கள் சமையலறையில் வந்து அடிக்கிறது. "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று அப்போது கேட்பதில் பயனில்லை. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவனுக்கு மொழி அதிகம் வேண்டும். அருகில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், "பள்ளியில கஷ்டமா இருந்துதோ" என்று ஒரே வரி, அதோடு விடுங்கள். அடங்கிய பிறகு தாளும் பென்சிலும்.

'வயிறு வலிக்கு' என்பதையும் பொய் என்று சொல்லாதீர்கள். வலி நிஜம். பயந்தால் குடல் முறுக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். பயம், கூச்சம், ஏமாற்றம், அவமானம் என்று நமக்கு நாலு சொல் இருக்கிறது. அவனிடம் 'வயிறு' என்ற ஒரே சொல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதையே செலவழிக்கிறான். இந்த இடத்தில்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் உடனே தொடங்க முடியும். 'ழ'கர உச்சரிப்பு பிறகு வரட்டும். முதலில் உணர்ச்சிச் சொற்கள், நடக்கும்போதே ஒட்ட வேண்டும்: பட்டாசுக்குக் காதைப் பொத்தினால் அப்போதே "பயமா இருக்கு". அதைவிட முக்கியம் "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்ற ஒரு வாக்கியம். இந்தப் பிள்ளைகள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள்; அதுதான் அவர்கள் கண்டுபிடித்த தப்பிக்கும் வழி. வாயால் வராவிட்டால் மேசை மேல் ஒரு மஞ்சள் அட்டை, அதைத் திருப்பி வைத்தால் டீச்சர் திரும்பச் சொல்வார்.

இப்போது உங்கள் பங்கு. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரும் அவர் குழுவும், பதற்றமுள்ள பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோரை மட்டும் வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு அமர்வுகள் பார்த்து ஒரு சிகிச்சை செய்தார்கள். 124 பிள்ளைகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கிற உளவியல் சிகிச்சைக்கு இது குறைந்ததாக இல்லை. மொழிச் சிக்கலுக்காக உருவாக்கியது அல்ல, ஆனால் பேச முடியாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறு என்ன? பெற்றோர் செய்ய வேண்டியது இரண்டே: 'உனக்குக் கஷ்டம்னு தெரியும், உன்னால முடியும்' என்று காட்டுவது, பிள்ளை பயத்திலிருந்து தப்பிக்க நாம் செய்துகொடுக்கிற உதவிகளை ஒன்றொன்றாகக் குறைப்பது. யாராவது பெயர் கேட்டால் நீங்களே சொல்லிவிடுவது, வேன் வந்தால் 'இன்னைக்கு ஒரு நாள்' என்று லீவு போடுவது, இதெல்லாம்தான் குறைக்க வேண்டியவை. ஆனால் படம் காட்டுவதையும் மெதுவாகப் பேசுவதையும் குறைத்துவிடாதீர்கள். அவை கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணாடி மாதிரி.

மருந்து வேண்டுமா? பல பிள்ளைகளுக்கு வேண்டாம். பள்ளிக்கே போக முடியாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, படிப்படியான முயற்சியும் நகராவிட்டால் மனநல மருத்துவரிடம் கேட்கலாம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை 488 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வந்தது. உளவியல் சிகிச்சையோடு செர்ட்ராலின் என்ற பதற்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 81 பேர் தேறினார்கள். உளவியல் சிகிச்சை மட்டும் என்றால் 60, மருந்து மட்டும் என்றால் 55, மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு 24. மருந்து தொடங்கும் முதல் வாரங்களில் எரிச்சல், பரபரப்பு, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். உங்கள் மகனால் அதைச் சொல்ல முடியாது என்பதால் இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பக்கத்துக் கடையில் தூக்க மருந்து வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பள்ளியில் என்ன கேட்கலாம்? சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. சொன்னதைப் பலகையில் படமாகவோ எண்ணாகவோ போடுவது. வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" வராவிட்டால் இப்போதைக்குக் கை தூக்கினால் போதும். முன்கூட்டிச் சொல்லாமல் எழுப்பிக் கேட்காமல் இருப்பது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். பள்ளிகளுக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளையும் பார்க்கிறது. பேச்சு மொழித் தாமதமும் அவர்கள் பட்டியலில் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, குழந்தைகள், மனநலம் மூன்றையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள, பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான நிஷ் நிறுவனத்துக்கும் போகிறார்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

உங்களைத் திருப்பி அனுப்பிய இரண்டு பேரிடமும் மறுபடி போங்கள். இந்தத் தடவை ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோங்கள், இருவருக்கும் ஒரே நோட்டு. கவுன்சலர் அந்த வாரத்துப் படியை எழுதட்டும்: 'வேன்காரரிடம் கை காட்டுவது.' ஸ்பீச் தெரபிஸ்ட் அதற்குத் தேவையான சொல்லை எழுதட்டும்: 'அண்ணா, வாறேன்.' முதல் பக்கத்தில் நீங்களே இன்றைக்கு எழுதி வைத்துவிடுங்கள்: வயிறு எந்தெந்தக் கிழமை வலிக்கிறது, அன்றைக்கு முதல் பீரியட் என்ன பாடம்.